இரண்டு மணிகளும் அடிக்காத வார்டு

முதல் முறை ஓட்டியபோது மணி அடித்தது. இரண்டாவது முறையும் அடித்தது. மூன்றாவது முறை அடிக்கவில்லை.

கோகிலவாணி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று முறையும் எண்கள் ஒன்றுதான். மஞ்சுளா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு. அறுவை சிகிச்சையில் குழந்தை பிறந்த பிறகு அவள் படுக்கையில் கிடந்த இரண்டு நாள் கணக்கு.

முதல் முறை அந்த எண்களைக் 'காவல்' மட்டும் பார்த்தது. இரண்டாம் முறை 'விழி' மட்டும் பார்த்தது. இரண்டுமே தனித்தனியாக, "இந்தப் பெண்ணுக்கு உள்ளே கிருமி பரவுகிறது, உடனே வாருங்கள்" என்று மணி அடித்தன. மூன்றாம் முறை இரண்டும் சேர்ந்து பார்த்தன. அன்றைக்கு வார்டில் நடந்தது போலவே ஒரு சத்தமும் இல்லை.

ஒரு கண் பார்த்ததை இரண்டு கண் சேர்ந்து பார்க்காமல் போவது எப்படி? அவளுக்குப் புரியவில்லை.

இந்த இரண்டும் யார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கோபிச்செட்டிபாளையத்தில் மாரக்காள் அறக்கட்டளை மருத்துவமனை சிறியது. பிரசவத்துக்குப் பெயர் போனது. பர்கூர், தாளவாடி மலைகளிலிருந்தும் பெண்கள் வருவார்கள். பெரும்பாலும் ஒல்லியான, ரத்தம் குறைந்த உடம்புகள். பிரசவமான பெண்களின் உடல்நிலையை இரவு பகலாகக் கவனித்து, ஆபத்து வருமுன் மணி அடிக்கும் நிரல் ஒன்றைக் கோகிலவாணி எழுதினாள். அதுதான் காவல். அது மலைப் பெண்களின் உடம்பைப் படித்தே வளர்ந்தது.

கோவையில் பொன்னூத்து மருத்துவ மையம் பெரியது. அங்கே ஜெபசிங் என்ற பொறியாளர் எழுதிய நிரல் விழி. நகரத்துப் பெண்கள், சர்க்கரை உள்ளவர்கள், கருத்தரிப்பு சிகிச்சை எடுத்தவர்கள் என லட்சக்கணக்கானவர்களைப் பார்த்த நிரல்.

ஒரு மருத்துவமனையின் நோயாளி விவரம் இன்னொரு மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்று சட்டம் வந்து பல வருடம் ஆகிவிட்டது. சரி, விவரம் போகக் கூடாது; அறிவு போகலாம் அல்லவா? அதற்காக வந்த ஏற்பாடுதான் இது. இரண்டு மருத்துவமனைகள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். இதன் நிரலின் நகல் அங்கே போய்த் தங்கும். அதன் நகல் இங்கே வந்து தங்கும். எந்த விவரமும் வாசலைத் தாண்டாது. வந்த நிரலின் உட்புறத்தை, அதைத் தங்கவைத்திருக்கும் மருத்துவமனைக்காரர்கள் திறந்து பார்க்கவும் முடியாது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது போல இருந்ததால் ஊழியர்கள் அதற்குச் 'சம்பந்தம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோவையிலிருந்து யாராவது வந்தால், "சம்பந்தி வீட்டுல இருந்து வந்திருக்காங்க, காப்பி போடு" என்பார்கள்.

சம்பந்தம் நன்றாகத்தான் வேலை செய்தது. அதுதான் கோகிலவாணிக்குப் பிரச்சினை.

விழி வந்த புதிதில், நல்ல வாட்டசாட்டமான ஒரு பெண்ணின் நுரையீரலுக்கு ரத்தக்கட்டி நகர்வதை அது கண்டுபிடித்தது. காவல் அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததே இல்லை. மகப்பேறுப் பிரிவின் தலைவர் டாக்டர் சௌந்தரநாயகி அன்று வார்டு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். கோகிலவாணியும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் அது காவலால் நடந்திருக்கக் கூடாதா என்ற எண்ணம் இனிப்போடு சேர்ந்து தொண்டையில் இறங்கியது. அதன் பிறகு ரவுண்ட்ஸில் டாக்டர்கள் முதலில் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. "விழி என்ன சொல்லுது?" பிறகுதான், ஞாபகம் வந்தால், "காவல்?"

வேகமாக மோசமாகும் பெண்களை இரண்டு நிரல்களும் சேர்ந்து முன்னைவிடச் சீக்கிரம் பிடித்தன. மாதாந்திரக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டிக் கைதட்டினார்கள். மெதுவாக மோசமாகிறவர்கள் மட்டும் எப்போதாவது ஒருவர் நழுவினார்கள். நர்ஸ்கள் கவனித்துச் சமாளித்துக்கொண்டார்கள். மஞ்சுளாவின் விஷயத்தில் சமாளிக்க முடியவில்லை. காலையில் தலை சீவிவிடப் போன நர்ஸ் அவள் கை சில்லிட்டிருப்பதைக் கண்டு கத்தினாள். உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மஞ்சுளாவின் கணவன் வெள்ளியங்கிரி, பர்கூரில் ஜீப் ஓட்டுகிறவன். குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான். கோகிலவாணியைப் பார்த்ததும் நின்றான்.

"மெஷின் பாக்கறது நீங்கதானுங்களாக்கா?"

"ஆமாங்க."

"அந்தியூர்லயே ஆஸ்பத்திரி இருக்குதுங்க. இங்க ரெண்டு மெஷின் பாக்குதுன்னு சொன்னாங்க. ஒண்ணு உட்டாலும் இன்னொண்ணு புடிச்சுக்கும்னாங்க. அதனாலதானுங்க இத்தன தூரம் கூட்டியாந்தேன்."

அவன் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டர் சௌந்தரநாயகி அன்று மாலையே அவளைக் கூப்பிட்டார்.

"கோகிலா, எனக்கு இந்தக் கணக்கு வழக்கெல்லாம் தெரியாது கண்ணு. வெள்ளிக்கிழமை கோவைல இருந்து அந்தத் தம்பி வருது. ரெண்டு பேரும் உக்காந்து பேசி, எது தப்புப் பண்ணுச்சுன்னு சொல்லுங்க. தப்புப் பண்ணினதக் கழட்டிரலாம். எனக்கு ஒண்ணு போதும்."

"எதக் கழட்டுவீங்க மேடம்?"

"அதத்தான் நீ சொல்லோணும். சொல்லலீன்னா நானே முடிவு பண்ணுவேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிரஸ்டிங்க எதச் சொல்லுவாங்கன்னு உனக்கே தெரியும்."

தெரியும். விழி இருக்கும், காவல் போகும். சொந்த வீட்டிலிருந்தே போகும்.

ஆகவே விழியின் மேல் குற்றம் கண்டுபிடித்தாக வேண்டும். கோகிலவாணி அதற்காகத்தான் எண்களை மறுபடி மறுபடி ஓட்டினாள். ஆனால் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது.

ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு நிரலும் தன் கூட்டாளியின் பேச்சையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளும். கூட்டாளி மணி அடித்தால் பயம் கொஞ்சம் கூடும். அமைதியாக இருந்தால் பயம் கொஞ்சம் குறையும். எவ்வளவு என்பதை ஓர் எண் தீர்மானிக்கும். பொறியாளர்கள் அதைக் 'காது' என்பார்கள். நூற்றில் பத்து காது கொடுப்பது என்று இரண்டு பக்கமும் பேசி முடித்திருந்தார்கள்.

விழி வந்த சில வாரங்களில் காவல் ஒருமுறை வீணாக மணி அடித்தது. ஓடி வந்த டாக்டர் சௌந்தரநாயகி, படுக்கையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன்ற ஆளு சும்மாவே கத்துது கோகிலா. விழியப் பாரு, எப்படி அமைதியா இருக்குது!" வார்டே சிரித்தது. அன்று கோகிலவாணி காவலின் காதைப் பெரிதாக்கினாள்; கோவையில் இருந்த நகலுக்கும் அந்த மாற்றம் போய்ச் சேர்ந்தது. விழி அமைதியாக இருக்கும்போது காவல் மட்டும் கத்தி அவமானப்படக் கூடாது. அவ்வளவுதான் அவள் நினைத்தது.

மஞ்சுளாவுக்கு நடந்ததற்குப் பிறகு அவள் முதலில் போட்டுப் பார்த்த கணக்கும் அதுதான். காவலின் காது பெரிது, சரி. விழியின் அமைதியைக் கேட்டுக் காவல் அடங்கிப் போயிருக்கும், சரி. ஆனால் விழியின் காது பத்துதானே? அது காவலின் அமைதியைப் பெரிதாக மதிக்காமல் மணி அடித்திருக்க வேண்டும். விழி அடித்ததும் காவலும் அடித்திருக்கும். திரும்பத் திரும்பப் போட்டாலும் கணக்கு அப்படித்தான் வந்தது. ஆகவே தப்பு தன்னுடையது இல்லை. விழியின் உள்ளே என்னவோ இருக்கிறது. அது என்னவென்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபசிங் வந்தான். நாகர்கோவில்காரன்; நாற்பது வயதிருக்கும்; கையில் கோவை பேக்கரிப் பெட்டி. கான்டீனில் மூலை மேசையில் உட்கார்ந்தார்கள். பெட்டியை அவன் அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதைத் திரும்ப நடுவில் வைத்தாள்.

"சம்பந்தி வெறுங்கையோட வரக்கூடாதுல்லா," என்றான்.

"கழட்டறதுக்கு வந்திருக்கீங்க. எதுக்குங்க சார் இதெல்லாம்?"

அவன் சிரிக்கவில்லை. "உங்களுக்கும் அதே உத்தரவுதானா?"

"எனக்கு உத்தரவெல்லாம் வேண்டாங்க. நேரா கேக்கறேன். மஞ்சுளாவோட நம்பரக் குடுத்தா உங்க விழி தனியா மணி அடிக்குது. நானே ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் வார்டுல மட்டும் ஏன் சார் வாய மூடிட்டு இருந்துது?"

"நல்ல கேள்வி மேடம். இதே கேள்விய உங்ககிட்ட கேக்கத்தான் நான் விடியக்காலம் கிளம்பி வந்தேன். எங்க ஆஸ்பத்திரியில ரெண்டு பொம்பளைங்களுக்கு இதே கதைதான். உங்க காவல் தனியா விட்டா மணி அடிக்குது. எங்க விழி பக்கத்துல இருந்தா மூச்சு விடமாட்டேங்குது. உங்க ஆளு ஏன் சும்மா இருந்துது?"

"உங்க ஆளு சும்மா இருந்ததால!"

சொன்ன பிறகுதான் அவள் தன் குரலைக் கேட்டாள். ஜெபசிங் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அதத்தான் நானும் சொல்ல வாயெடுத்தேன்," என்றான் மெதுவாக. "உங்க ஆளு சும்மா இருந்ததால எங்க ஆளு சும்மா இருந்துது."

பக்கத்து மேசையிலிருந்து யாரோ தட்டை எடுத்துக் கழுவப் போட்டார்கள்.

"அது நடக்காதுங்க," என்றாள் கோகிலவாணி கடைசியில். "உங்க காது பத்து. பத்துக் காதுக்கு அது அடங்காது."

"உங்க காதும் பத்துதான மேடம்?"

அவள் பேக்கரிப் பெட்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"பத்துதான?"

"நீங்க மொதல்ல சொல்லுங்க."

"கேட்டது நான்லா. நீங்க சொல்லுங்க."

"நான் ஒண்ணச் சொன்னதும், 'எங்களோடது பத்துதான்'னு நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க. எனக்குத் தெரியாதாக்கும்."

"நான் சொன்னா நீங்க உங்க டாக்டரம்மாகிட்ட ஓடுவீங்க. அது எனக்குத் தெரியாதா?"

இப்படியே போயிருந்தால் சாயங்காலம் வரை போயிருக்கும். தப்பை முதலில் சொல்பவரின் நிரல்தான் கழற்றப்படும். இரண்டாவது ஆள் வெறுமனே தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதனால் இரண்டு பேருமே இரண்டாவது ஆளாக இருக்க விரும்பினார்கள்.

ஜெபசிங்தான் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தான். "ஒரு வேலை செய்வோம். நான் என் உள்ளங்கையில எழுதுறேன். நீங்க உங்க கையில எழுதுங்க. மூடி வச்சிட்டு ஒரே நேரத்துல விரிப்போம். பெறகு யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

"சின்னப் பிள்ளைங்க மாதிரி..."

"பெரியவங்க மாதிரிப் பேசித்தான் மூணு பொம்பளைங்க படுத்துக் கெடக்காங்க மேடம்."

அவள் பேனாவை வாங்கினாள். எழுதும்போது, பத்து என்று எழுதிவிடலாமா என்று தோன்றியது. அவன் உண்மையை எழுதுவான், நான் பத்து என்று எழுதினால் காவல் பிழைக்கும். அந்த எண்ணத்தை அவள் தள்ளவில்லை. சிறிது நேரம் வைத்துப் பார்த்தாள். தோளில் குழந்தையோடு நடந்தவனும் நினைவுக்கு வந்தான். எழுதினாள். கையை மூடினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

விரித்தார்கள். அவள் கையில் ஐம்பத்தைந்து. அவன் கையில் அறுபது.

கொஞ்ச நேரம் இரண்டு கைகளும் மேசைமேல் அப்படியே கிடந்தன. பரிமாற வந்தவர், "ரேகை பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஏனுங்க சார் இவ்வளவு?" என்றாள். கோபமாகக் கேட்க நினைத்தாள், வரவில்லை.

"எங்க சீஃப் உங்க நிரலக் 'கோபி அம்மிணி'ன்னுதான் கூப்பிடுவார். விழி ஒருநாள் சும்மா மணி அடிச்சிட்டு. 'கோபி அம்மிணியே ஒண்ணும் சொல்லல, நீ ஏன்யா பதறுற'ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டார். பத்து வருசமா நான் கட்டினது. நேத்து வந்த ஒண்ணக் காட்டிக் கேக்காரு." அவன் உள்ளங்கையைத் தேய்த்தான், மை போகவில்லை. "வயிறு எரிஞ்சுது மேடம். பொய் சொல்லல."

அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு நடுவில், 'கோபி அம்மிணி' என்ற பெயர் காதில் தேனாக இனித்தது என்பதையும் கவனித்தாள். வெட்கமாக இருந்தது.

பிறகு மடிக்கணினியைத் திறந்து இரண்டு எண்களையும் கணக்கில் போட்டார்கள். ஒரு பக்கத்து எண்ணை மட்டும் வைத்து இருவருமே தனித்தனியாக நாள்கணக்கில் போட்டும் வராத விடை உடனே வந்தது.

நடந்தது இதுதான். மஞ்சுளாவின் உடல்நிலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெட்டது. காவலுக்குப் பயம் எழுந்தது, திரும்பிப் பார்த்தது, விழி அமைதியாக இருந்தது. 'அவ்வளவு படித்தது சும்மா இருக்கிறதே' என்று தன் பயத்தைக் குறைத்துக்கொண்டது. அதே நேரத்தில் விழியும் திரும்பிப் பார்த்தது. காவல் அமைதியாக இருந்தது. அதுவும் குறைத்துக்கொண்டது. ஒன்றின் அமைதி மற்றொன்றுக்குச் சாட்சி. மற்றொன்றின் அமைதி இதற்குச் சாட்சி. வேகமாக மோசமாகும் பெண் என்றால் பயம் ஒரே தாவில் ஏறிவிடும், யாராவது ஒன்று கத்திவிடும், மற்றதும் சேர்ந்துகொள்ளும். மெதுவாகப் போகிறவர்களுக்கு மட்டும் இரண்டும் ஒன்றையொன்று சமாதானப்படுத்திக்கொண்டே இருந்தன.

"அப்ப காத மறுபடி பத்தாக்கிட்டாப் போதுமா?" என்றான் ஜெபசிங்.

"இன்னிக்குப் பத்தாக்குவோம். அடுத்த தடவ யாராவது சிரிச்சா நான் மறுபடி ஏத்துவேன். நீங்களும் ஏத்துவீங்க."

அவன் தலையாட்டினான்.

கோகிலவாணி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இவன் முதலில் சொல்லியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். நான் முதலில் சொல்லியிருந்தால் அவன்? சந்தேகம்தான். கையை மூடி எழுதியதால்தான் இரண்டு உண்மைகளும் வெளியே வந்தன.

"சார், நாம இப்ப பண்ணினதையே அதுங்களையும் பண்ண வெச்சா?"

அவன் நிமிர்ந்தான். மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் தன் நிரலின் கதவைத் திறந்தான். அவள் தன்னுடையதைத் திறந்தாள். ஒப்பந்தப்படி செய்யக் கூடாத வேலை. அவளுடைய நிரல் எவ்வளவு நேர்த்தியானது என்று அவன் ஓரிடத்தில் வாய்விட்டே சொன்னான். அவனுடையது அதைவிட நேர்த்தி என்பதை அவள் பார்த்தாள், சொல்லவில்லை. மாலைக்குள் மாற்றி எழுதி, மஞ்சுளாவின் எண்களை நான்காவது முறை ஓட்டினார்கள்.

இரண்டு மணிகளும் அடித்தன. விழி கொஞ்சம் முந்தி.

சுருக்கென்றது அவளுக்கு. அந்தப் பொறாமை போகாது போலிருக்கிறது.

டாக்டர் சௌந்தரநாயகி அறையில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றார்கள்.

"யாரு தப்பு?" என்றார் டாக்டர்.

இந்த முறை கோகிலவாணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னோடதுங்க மேடம்." அவள் முடிப்பதற்குள் அவனும், "என்னோடது மேடம்," என்றான். காது விஷயம் முழுவதையும் சொன்னார்கள். எதற்காக ஏற்றினோம் என்பதையும் சொன்னார்கள். இட்லி சாப்பிட்ட பெண்ணின் கதை வந்தபோது டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டார்.

"நான் சிரிச்சேன், இல்ல?" என்றார்.

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரெண்டும் இருக்கட்டும். டிரஸ்டிங்ககிட்ட நான் பேசிக்கறேன். ஆனா என்ற கிட்ட சொன்னத அப்படியே அந்தப் புள்ளகிட்டயும் போய்ச் சொல்லோணும். வக்கீல் வெச்சுக் கேட்டாலும் இதையேதான் சொல்லோணும். நானும் வரேன்."

மஞ்சுளா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளியங்கிரி எழுந்து நின்றான். மூன்று பேரும் சொல்லி முடிக்கும்வரை இருவரும் குறுக்கிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மஞ்சுளா குழந்தையின் காலைப் போர்த்திவிட்டு, கோகிலவாணியிடம் மட்டும் கேட்டாள்.

"எனக்கு ஆனது ஆயிப்போச்சுங்க்கா. பக்கத்துக் கட்டில்ல நேத்து ஒருத்தி வந்திருக்கா. அவளுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"இனிமே ரெண்டு மெஷினும் தனித்தனியாத்தான் பாக்கும் மஞ்சுளா. ஒண்ணு என்ன நெனைக்குதுன்னு இன்னொண்ணுக்குத் தெரியாது. கால் மணி நேரத்துக்கு ஒருக்கா ரெண்டும் தன் பதில எழுதி மூடி வெக்கோணும். ரெண்டும் எழுதின பொறகுதான் தொறக்கும். ரெண்டுல எது ஒண்ணு 'பயமா இருக்குது'ன்னு எழுதியிருந்தாலும் மணி அடிக்கும். எதுவும் எழுதாம இருந்தாலும் அடிக்கும். சும்மா இருக்கறத 'நல்லா இருக்குது'ன்னு இனி யாரும் எடுத்துக்க மாட்டோம்."